பிள்ளைகளும் குசினியும்: அடுப்பைக் கொடுக்க முன் சொல்லிக்கொடுக்க வேண்டியவை

கற்பிட்டிக் குடாநாட்டில், ஒரு பக்கம் புத்தளம் களப்பும் மறுபக்கம் கடலுமாக இருக்கும் நிலத்துண்டில் எங்கள் எத்தாளை இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு வயதிலேயே சோறாக்கத் தெரிந்த பிள்ளைகள் இங்கே பலர். ஆனால் அதை யாராவது பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார்களா என்று கேட்டால், பெரும்பாலான பிள்ளைகள் தலையாட்ட மாட்டார்கள். உம்மா விடியற்காலையில் வெங்காயத் தோட்டத்துக்கோ மிளகாய்த் தோட்டத்துக்கோ போவார். அல்லது கருவாட்டு வாடியில் நிற்பார். அல்லது வளைகுடா நாடொன்றில் இன்னொருவர் வீட்டுக் குசினியில் நிற்பார். அப்படியான வீடுகளில் சமையல் ஒருநாள் மூத்த பெண்பிள்ளையின் தலையில் வந்து விழுகிறது.

வீட்டுப் பணிக்காக வெளிநாடு செல்லும் பெண்கள் குடும்பப் பின்னணி அறிக்கை தர வேண்டும் என்ற விதி 2013இல் வந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் போக முடியாது என்றார்கள். 2022இல் பொருளாதார நெருக்கடியின் நடுவே அந்த வயது இரண்டாகக் குறைக்கப்பட்டது. பிள்ளையைப் பார்த்துக்கொள்வது யார் என்று அறிக்கையில் எழுதலாம். அந்தப் பிள்ளை எப்படிப் பாதுகாப்பாகச் சமைக்கப் பழகும் என்பது எந்த அறிக்கையிலும் வராது. அது வீட்டுக்காரர்களின் பாடு.

பிள்ளைகள் சமைக்கலாமா, கூடாதா என்ற விவாதம் எங்கள் பகுதிக்குப் பொருந்தாது. சமைக்கத்தான் போகிறார்கள். பயந்து சமைக்கிறார்களா, தெரிந்து சமைக்கிறார்களா என்பதே கேள்வி. எங்கள் வீட்டில் மகனுக்கும் மகளுக்கும் ஒரே ஒழுங்கில்தான் கற்பித்தேன். அந்த ஒழுங்கையும் அதற்கான காரணங்களையும் இங்கே தருகிறேன்.

ஆண்பிள்ளையும் குசினிக்குள் வரட்டும்

கல்யாண வீட்டில் நூறு சஹனுக்குச் சோறாக்குபவர்கள் ஆண்கள். பல நாட்கள் ஆழ்கடலில் நிற்கும் படகில் சோறும் மீன் ஆணமும் சமைப்பவர்களும் ஆண்கள். அதே ஆண்கள் வீட்டில் ஒரு பிளேன்டீக்குக்கூட ராத்தாவையோ உம்மாவையோ கூப்பிடுவதை நாங்கள் எல்லோரும் பார்க்கிறோம். திறமை இல்லாததால் வரும் பழக்கமல்ல இது. வீட்டுச் சமையல் பெண்பிள்ளையின் வேலை என்று சின்ன வயதிலேயே பிரித்துவிட்டதால் வருவது.

எங்கள் பாடசாலைகளில் மனைப்பொருளியல் சாதாரண தரத்துக்கு ஒரு விருப்பப் பாடம். அதைத் தெரிவு செய்வது பெரும்பாலும் பெண்பிள்ளைகள். ஜப்பானில் ஆரம்பப் பாடசாலையின் 5ஆம், 6ஆம் ஆண்டுகளில் ஆண், பெண் இருவருக்கும் மனையியல் உண்டு. உணவுக் கல்விக்கென்றே அங்கு 2005இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். இங்கிலாந்தில் 2014 செப்டம்பரில் இருந்து அரச பாடத்திட்டத்தில் 14 வயது வரை சமையலும் போசாக்கும் கட்டாயம். எங்கள் பாடசாலைகளில் அந்த நாள் வரும்வரை வீட்டுக் குசினிதான் வகுப்பறை.

முதலில் நெருப்பில்லாத வேலை

ஐந்து, ஆறு வயதில் தொடங்கலாம். முருங்கையிலை உருவுவது, சின்ன வெங்காயம் உரிப்பது, அரிசி களைவது, பருப்பைக் கழுவுவது, தேங்காய்ப்பால் பிழிவது. கைகழுவுவதிலிருந்து ஆரம்பியுங்கள்: சவர்க்காரம் போட்டு 20 வினாடி. கோழியையோ மீனையோ தொட்ட பிறகு மீண்டும் ஒரு தடவை.

பால் பிழியும்போதே காரணத்தையும் சொல்லிக்கொடுங்கள். முதலில் பிழிவது கட்டிப்பால். அதே பூவில் தண்ணீர் விட்டு அடுத்த தடவை பிழிவது தண்ணிப்பால். மீனோ மரக்கறியோ வேகுவது தண்ணிப்பாலில், கட்டிப்பால் கடைசியில். கட்டிப்பாலை விட்ட பிறகு பெருநெருப்பில் நெடுநேரம் கொதித்தால் அது திரைந்து எண்ணெய் பிரியும். இந்த ஒரு காரணம் புரிந்த பிள்ளைக்கு எந்தப் பால்கறியின் ஒழுங்கையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

கத்தி எட்டு வயதளவில். மொட்டைக் கத்தி பாதுகாப்பானது என்று நினைக்க வேண்டாம். அது வழுக்கும், பிள்ளை கூடுதலாக அழுத்தும். கூரான சிறிய கத்தி, வழுக்காத பலகை, பிடிக்கும் கையின் விரல் நுனிகள் உள்ளே மடங்கியபடி. உருளும் காய்களை முதலில் இரண்டாக வெட்டி, தட்டையான பக்கத்தைப் பலகையில் வைக்கச் சொல்லுங்கள். தேங்காய் துருவுவது அதற்குப் பிறகு. சிரட்டை தெரியத் தொடங்கியதும் நிறுத்துவதுதான் அதில் முக்கியமான பாடம். விரல் கீறுவது அந்தக் கடைசித் துருவலில்தான்.

அடுப்பு: பற்றவைக்க முன் அணைக்கப் பழகட்டும்

பிள்ளைக்கு அடுப்பைப் பற்றவைக்கக் காட்டுவதற்கு முன்பே அணைக்கக் காட்டுங்கள். அணைக்கத் தெரிந்த பிள்ளை பதறாது. துணிவு வருவது அங்கிருந்துதான்.

2021ஆம் ஆண்டின் இறுதியில் நாடு முழுவதும் வீடுகளில் சமையல் எரிவாயு வெடித்த செய்திகளை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பிறகு 2022 ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டரின் விலை 2,675 ரூபாவிலிருந்து 4,860 ரூபாவுக்கு ஏறியது. பல வீடுகள் விறகுக்குத் திரும்பின. இப்போது ஒரே வீட்டில் எரிவாயு, விறகு, மின்சார அடுப்பு மூன்றும் இருக்கலாம். மூன்றுக்கும் வேறுவேறு பாடம் வேண்டும்.

எரிவாயு காற்றை விடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். மணம் வந்தால் நெருப்புக்குச்சி உரசக் கூடாது, மின்விளக்கைப் போடவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே போய்ப் பெரியவரைக் கூப்பிட வேண்டும். சும்மா இருக்கும் ஒரு நாளில் இதைப் பிள்ளையைச் செய்ய வைத்துப் பாருங்கள்.

விறகடுப்பில் ஒருபோதும் மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைக்கக் கூடாது. காய்ந்த பொச்சும் பாளையும் தென்னை நிறைந்த எங்கள் ஊரில் எப்போதும் இருக்கும், அதுவே போதும். எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. அடுப்பை நிறுத்தி, பெரிய மூடியால் மூடி, ஆறும்வரை திறக்காமல் விட வேண்டும்.

பெண்பிள்ளைகளுக்கு இன்னொன்று: சோல், துப்பட்டா, அகலமான சட்டைக் கை எதுவும் அடுப்புக்கு மேலே தொங்கக் கூடாது. முந்தானையை முடிந்து, கையை மடித்த பிறகே அடுப்படி. செயற்கை நூல் துணி உருகித் தோலில் ஒட்டும். குசினிக்குப் பருத்தித் துணிதான் நல்லது.

சுட்டுவிட்டால், ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும். ஐஸ், பற்பசை, தேங்காயெண்ணெய் எதுவும் வேண்டாம். முகம், கைவிரல்கள் என்றாலோ, உள்ளங்கை அளவைவிடப் பெரிதாக இருந்தாலோ வைத்தியசாலைக்கு. அம்பியூலன்ஸ் இலக்கம் 1990. அதைக் குசினிச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.

எங்கள் ஊருக்கான தனிப்பாடம்: மீனும் தண்ணீரும்

கடற்கரைப் பிள்ளைக்கு மீன் தெரியும் என்று நாங்கள் நினைத்துக்கொள்கிறோம். பெயர் தெரியும், ஆபத்து தெரியாது. நான்கு விடயங்களைக் கட்டாயம் சொல்லுங்கள்.

ஒன்று, நல்ல மீனின் கண் தெளிந்து துருத்தி நிற்கும். பூ சிவப்பாக இருக்கும். சதையை அழுத்திய விரலை எடுத்தால் பள்ளம் நிற்காது.

இரண்டு, சூரை, கும்பளா போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் உருவாகும். எவ்வளவு சமைத்தாலும் அது போகாது. சாப்பிட்டுச் சிறிது நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு கடித்து, தலையிடித்தால் வைத்தியரிடம் போக வேண்டும்.

மூன்று, பேத்தை மீன். அதன் நஞ்சு சமைத்தாலும் அழியாது. மூச்சை நிறுத்தி ஆளைக் கொல்லும். கரைவலையில் வந்தாலும், யார் சும்மா கொடுத்தாலும் அது வீட்டுக்குள் வரக் கூடாது.

நான்கு, ஓராவின் முள்ளிலும் கெளுத்தியின் முள்ளிலும் நஞ்சு உண்டு. செட்டைகளைக் கத்தரிக்கோலால் வெட்டிய பிறகே பிள்ளையிடம் கொடுங்கள். குத்திவிட்டால், கை தாங்கக்கூடிய சூடான தண்ணீரில் அமிழ்த்தி வைத்தால் வலி குறையும். அந்தச் சூட்டைப் பெரியவர் தன் கையை விட்டுப் பார்க்க வேண்டும். பிறகு வைத்தியரிடம் காட்டுங்கள்.

தண்ணீரும் அப்படித்தான். குடாநாட்டின் மணல் நிலத்தில் போடும் பசளை கீழே இறங்கி, கிணற்று நீரில் நைத்திரேற்று கூடியிருப்பதை ஆய்வுகள் பல தடவை காட்டியுள்ளன. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கக் கூடாது என்பதை, தம்பி தங்கையைப் பார்க்கும் மூத்த பிள்ளை அறிந்திருக்க வேண்டும்.

முதல் ஐந்து சமையல்

பிள்ளைக்கு ஐம்பது கறி தெரிய வேண்டியதில்லை. ஐந்து போதும், ஒரு வீட்டுக்கு ஒருநாள் சாப்பாடு அதில் முடிந்துவிடும்.

சோறு: ரைஸ் குக்கரில் ஒரு சுண்டு வெள்ளை அரிசிக்கு இரண்டு சுண்டு தண்ணீர் என்று தொடங்கி, உங்கள் வீட்டு அரிசிக்கு ஏற்றபடி கூட்டிக் குறைக்கலாம். சிவப்பரிசிக்குக் கூடுதலாக வேண்டும். ஆக்கிய சோற்றைப் பகலிலிருந்து இரவு வரை வெளியே வைக்கக் கூடாது. அதில் வளரும் ஒருவகைக் கிருமியின் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது.

பருப்பு: மைசூர்ப் பருப்பை மூன்று தடவை கழுவி, வெங்காயம், பச்சை மிளகாய், மஞ்சள், ரம்பை, கறிவேப்பிலையோடு மூன்று பங்கு தண்ணீரில் வேகவிட்டு, வெந்த பிறகு உப்பு, கடைசியில் கட்டிப்பால்.

தேங்காய்ச் சம்பல்: நெருப்பே இல்லாமல் முழுச் சமையல் ஒன்றைத் தானே முடித்த சந்தோசம் பிள்ளைக்கு இதில் கிடைக்கும்.

முட்டை: அவித்தும் பொரித்தும். சூடான எண்ணெயில் தண்ணீர்த் துளி பட்டால் வெடிக்கும் என்பதை இங்கே கற்கலாம்.

மீன் ஆணம்: கடைசியாக. தண்ணிப்பால், தூள், கொறுக்காய்ப்புளி எல்லாவற்றையும் கொதிக்கவிட்டு, பிறகு மீனைப் போட வேண்டும். போட்ட பிறகு அகப்பையால் கிளறாமல், சட்டியைத் துணியால் பிடித்து மெல்ல ஆட்டினால் மீன் உடையாது. கொதிக்கும் சட்டியின் மூடியைத் திறக்கும்போது முகத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சரித்துத் திறக்கட்டும். ஆவி, நெருப்பைப் போலவே சுடும்.

அகப்பையைப் பிடுங்காதீர்கள்

மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்து, ஒரேயொரு வார்த்தையில் கெடுத்துவிடலாம். "தள்ளு, நான் செய்றேன்" என்பது அந்த வார்த்தை. முதல் வாரம் பிள்ளை பார்க்கட்டும். அடுத்த வாரம் சேர்ந்து செய்யுங்கள். பிறகு நீங்கள் கதிரையில் உட்காருங்கள், அது செய்யட்டும். ஆபத்து என்றால் மட்டும் எழும்புங்கள். உப்புக் கூடினால் திட்டாமல் திருத்தச் சொல்லிக்கொடுங்கள்: கொஞ்சம் தண்ணிப்பால், அல்லது உப்பில்லாமல் அவித்த இன்னொரு கைப்பிடிப் பருப்பு. சாப்பாட்டு நேரத்தில் வாப்பாவோ நானாவோ முகம் சுளித்தால், அடுத்த நாள் அந்தப் பிள்ளை பயத்தோடுதான் சட்டியை வைக்கும்.

நோன்பு காலம் இதற்கு நல்ல சந்தர்ப்பம். கஞ்சி காய்ச்சும் நேரத்தில் வீட்டில் எல்லோரும் இருப்பார்கள். அவசரமில்லாமல் கிளறவும், அடிப்பிடிக்காமல் பார்க்கவும் பழக்கலாம்.

கடைசியாக ஒரு எல்லை. சமைக்கத் தெரிந்த பிள்ளை என்பதால் அந்த வீட்டின் சமையற்காரியாக அதை ஆக்கிவிடக் கூடாது. காலைச் சமையல் முடியவில்லை என்று பாடசாலைக்குப் போகாத நாள் ஒன்று வந்தால், அங்கே தவறு பெரியவர்களுடையது. உம்மா வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் வாப்பா, நானா, சாச்சி, உம்மம்மா என்று சமையல் நாட்களைப் பிரித்து எழுதி ஒட்டுங்கள். அந்தத் தாளில் மூத்த மகளின் பெயர் வாரத்தில் ஒன்றிரண்டு நாளுக்கு மேல் வரக் கூடாது. தம்பியின் பெயரும் அதில் இருக்க வேண்டும்.