குறைந்த எடைக்காரர்களின் கணக்கு

குத்துச்சண்டை ரசிகர்கள் கூடினால் தீராத வழக்கு ஒன்று உண்டு: குறைந்த எடைப்பிரிவுகளில் எக்காலத்துக்கும் பெரியவர் யார்? இன்று பலரும் சட்டென்று சொல்வது மேனி பாக்கியாவ் பெயரை. பிலிப்பைன்ஸின் வறுமையிலிருந்து எழுந்து, 1998இல் ஃப்ளைவெயிட்டில் தொடங்கி 2010க்குள் எட்டு எடைப்பிரிவுகளில் பட்டம் பெற்றவர். அவரைக் குறைத்துப் பேச நமக்கு மனமில்லை. ஆனால் பட்டங்களை எண்ணிப் பெருமையை அளக்கும் முறையை நாம் ஏற்பதற்கில்லை.

மிசிசிப்பியில் பிறந்த கறுப்பர் ஹென்றி ஆம்ஸ்ட்ராங் 1937 அக்டோபருக்கும் 1938 ஆகஸ்டுக்கும் இடையே ஃபெதர்வெயிட், வெல்டர்வெயிட், லைட்வெயிட் பட்டங்களை வென்று, மூன்றையும் ஒரே நேரத்தில் வைத்திருந்தார். அன்று மொத்தமே எட்டுப் பிரிவுகள். இன்று பதினேழு, பிரிவுக்கு நான்கு பெரிய அமைப்புகள் தனித்தனியே பட்டம் கொடுக்கின்றன. அப்படியானால் மூன்று பெரிதா, எட்டு பெரிதா?

இன்னும் பின்னால் போனால் கணக்கே குழம்பிவிடுகிறது. பால்டிமோரின் ஜோ கான்ஸ் 1902இல் லைட்வெயிட் சாம்பியன் ஆனார். அதற்கு முன், 1900 டிசம்பரில், சிகாகோவில் டெர்ரி மெக்கவர்னிடம் இரண்டே சுற்றில் விழுந்தார். விட்டுக்கொடுத்த சண்டை என்று அன்றே ஊர் பேசியது. சிகாகோவில் குத்துச்சண்டைக்கே தடை வந்தது. கறுப்பு வீரர் தோற்றுக்கொடுத்தால்தான் அடுத்த சண்டை கிடைக்கும் என்றிருந்த காலம். ஏட்டில் அது வெறும் 'தோல்வி'. எந்த நிலைமையில் வந்த தோல்வி என்று எழுத ஏட்டில் இடமில்லை.

1906 செப்டம்பர் 3, நெவாடாவின் கோல்ட்ஃபீல்ட். சாம்பியன் கான்ஸ், எதிரே பேட்லிங் நெல்சன். நிபந்தனை விதித்தது நெல்சன் தரப்பு. சண்டையன்றே, சண்டை உடையோடு, 133 பவுண்டுக்குள் எடை காட்ட வேண்டும். இன்றைய வீரர்கள் முதல் நாளே எடை காட்டிவிட்டுத் தண்ணீர் குடித்து உடம்பைத் தேற்றிக்கொள்கிறார்கள். கான்ஸுக்கு அந்த அவகாசம் இல்லை. பணத்திலும் நெல்சனுக்குக் கிடைத்ததில் ஏறக்குறையப் பாதிதான் சாம்பியனுக்கு. பாலைவன வெயிலில் 42 சுற்றுகள். இடுப்புக்குக் கீழே குத்தியதற்காக நெல்சன் வெளியேற்றப்பட்டார், கான்ஸ் வென்றார். 1910இல் காசநோயில் இறந்தார். எட்டுப் பட்டங்கள் ஒரு பக்கம், இந்த ஒரு பகல் மறுபக்கம். எங்களைக் கேட்டால் தராசு கான்ஸ் பக்கம்தான் தாழும்.

இவர்களுக்கெல்லாம் மூத்தவர் ஜார்ஜ் டிக்சன். கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரை ஒட்டிய ஆஃப்ரிக்வில் என்னும் கறுப்பர் குடியிருப்பில் 1870இல் பிறந்தார். குத்துச்சண்டையில் உலகப் பட்டம் வென்ற முதல் கறுப்பர். 1892 செப்டம்பர் 6 அன்று நியூ ஆர்லியன்ஸ் ஒலிம்பிக் கிளப்பில், ஜாக் ஸ்கெல்லி என்ற வெள்ளையரை எட்டாம் சுற்றில் வீழ்த்தினார். கறுப்பர்களுக்கென்று தனி இருக்கைகள் ஒதுக்கப்பட்டிருந்தன. அங்கிருந்து ஆரவாரம் எழுந்தது. அதற்குப் பிறகு கறுப்பரையும் வெள்ளையரையும் மோதவிடுவதில்லை என்று கிளப் முடிவெடுத்தது. மறுநாள் அதே கிளப்பில் இறங்கிய ஹெவிவெயிட் சாம்பியன் ஜான் சல்லிவன், கறுப்பரோடு மோதுவதே இல்லை என்று அறிவித்திருந்தவர். அவரை 'மாபெரும்' என்ற அடைமொழியோடு எழுதும் புத்தகங்கள் எத்தனையோ! தொட மறுத்தவனை வெல்லாதவன் என்று எழுதத் துணிந்தவர் குறைவு. தீண்டாமை தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

டிக்சன் 1908இல், 37 வயதில், நியூயார்க்கில் கையில் காசின்றி இறந்தார். அவர் பிறந்த ஆஃப்ரிக்வில்லை 1960களில் நகராட்சி இடித்துத் தள்ளியது. அங்கிருந்தவர்களின் தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றிப்போக நகராட்சி அனுப்பியது குப்பை லாரிகளை.