முதற் சீட்டுக் கட்டு

டாரட் சீட்டுப் பழகலாம் என்று புதிதாக ஆசைப்படுகிறவர்களுக்கு முதன்முதலில் வந்து சேருகிற சங்கடம் எதிர்காலத்தைப் பற்றியதல்ல, கடையைப் பற்றியது. பூனைப் படம் போட்ட கட்டு, தேவதைப் படம் போட்ட கட்டு, விளிம்பில் தங்க முலாம் பூசிய கட்டு என்று அலமாரி நிறைய இருக்கிறது. எதை எடுப்பது? விஷயம் தெரிந்தவர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: "முதலில் ரைடர்-வெயிட் கட்டை வாங்குங்கள், மற்றவை பிறகு." கேளாமலே இன்னும் இரண்டு செய்திகளையும் சேர்த்துச் சொல்வார்கள். இந்தச் சீட்டுகள் எகிப்து நாட்டுப் பழைய பூசாரிகளின் ரகசியம் என்பது ஒன்று. முதற் கட்டைத் தன் கைக்காசு போட்டு வாங்கக் கூடாது, யாராவது பரிசாகக் கொடுக்க வேண்டும் என்பது மற்றொன்று.

இந்த மூன்றில் முதலாவது நல்ல யோசனை. ஆனால் அது ஏன் நல்லது என்பதைச் சொல்கிறவர்கள் குறைவு. இரண்டாவது கட்டுக்கதை. மூன்றாவது ஒரு வேடிக்கை. சீட்டு நம் எதிர்காலத்தைச் சொல்லுமா சொல்லாதா என்ற வழக்கில் நான் தலையிடப் போவதில்லை. அதற்கென்று ஓர் இறந்த காலம் இருக்கிறது. கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு அதில்தான் ருசி அதிகம்.

சீட்டாட்டம் ஐரோப்பாவுக்கு வந்தது 1370-களில். மம்லூக் சுல்தான்கள் ஆண்ட நாடுகளிலிருந்து அது வந்தது என்பதற்கு நல்ல சான்றுகள் இருக்கின்றன. கிண்ணம், நாணயம், வாள், போலோ ஆடும் கோல் என்று அந்தச் சீட்டுகளில் நான்கு ஜாதிகள். போலோ ஆட்டத்தை அறியாத இத்தாலியர் கோலை வெறும் தடியாக்கிக் கொண்டார்கள். வாளுக்கு இத்தாலியப் பெயர் 'ஸ்பாதே'. அந்தச் சொல்தான் ஆங்கிலத்துக்குப் போய், நம் ஊர்த் திண்ணையில் 'இஸ்பேடு' என்று விழுகிறது. நாம் வீசுகிற இஸ்பேடு உண்மையில் ஒரு வாள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

இந்த நான்கு ஜாதிகளோடு 1440-ஐ ஒட்டி வட இத்தாலியில் ஒரு புதுமையைச் சேர்த்தார்கள். பேதை, காதலர், அதிர்ஷ்டச் சக்கரம், தலைகீழாய்த் தொங்குகிற மனிதன், மரணம், சந்திரன், சூரியன் என்று இருபத்திரண்டு தனிப் படங்கள். பேதையைத் தவிர்த்த மற்றப் படங்கள் எந்த ஜாதிச் சீட்டையும் வெட்டும். அதனால் அவற்றுக்கு வெற்றிச் சீட்டு என்னும் பொருளில் 'டிரையோன்ஃபி' என்று பெயர். நம்மவர்கள் ஓங்கி அடித்துத் 'துருப்பு' என்று சொல்கிறார்களே, அதுவும் ஐரோப்பியக் கப்பலேறி வந்த அதே குடும்பத்துச் சொல்தான். ஆகமொத்தம் 78 சீட்டுகள். பிற்காலத்தில் இதற்கு டாரோக்கி என்றும், பிரெஞ்சுக்காரர் வாயில் தாரோ என்றும், ஆங்கிலேயர் வாயில் டாரட் என்றும் பெயர் வழங்கலாயிற்று.

டாரட்டைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கிற மிகப் பழைய குறிப்பு 1440 செப்டம்பரில் எழுதப்பட்ட ஒரு நாட்குறிப்பு. ஜூஸ்தோ ஜூஸ்தி என்னும் பத்திர எழுத்தர், ஃபிளாரன்ஸ் நகரில் நாலரை டக்காட் செலவழித்து ஒரு கட்டுச் செய்வித்து, சிகிஸ்மொந்தோ மலத்தெஸ்தா என்ற பிரபுவுக்குக் கொடுத்ததாக அதில் எழுதி வைத்திருக்கிறார். முதற் கட்டைப் பரிசாகத்தான் பெற வேண்டும் என்பவர்களுக்கு இது ஓர் ஆதாரமாகப் படலாம். ஆனால் 1442-இல் ஃபெராரா அரண்மனைக் கணக்குப் புத்தகத்தில் இருப்பது சீட்டுத் தீட்டிய ஓவியனுக்குக் கூலி கொடுத்த பற்றுவரவு. பரிசானாலும் சரி, சொந்தமானாலும் சரி, காசு கொடுத்துத்தான் ஆகியிருக்கிறது. கைக்காசு போட்டு வாங்குகிறவர்கள் மனக்குறை இல்லாமல் வாங்கலாம்.

அந்தக் காலத்துக் கட்டுகளில் புகழ்பெற்றது மிலான் பிரபுக் குடும்பத்துக்காக 1450-ஐ ஒட்டித் தீட்டிய விஸ்கோந்தி-ஸ்ஃபோர்சா கட்டு. 78-இல் 74 இன்றும் பிழைத்திருக்கின்றன. நியூயார்க் மார்கன் நூலகத்தில் 35, பெர்காமோ நகரத்துக் கலைக்கூடத்தில் 26, ஒரு பழைய குடும்பத்தாரிடம் 13. பாகப்பிரிவினை ஆன சொத்தைப் போலச் சீட்டுகள் பிரிந்து கிடக்கின்றன. இதன் நகலை இன்று கடையில் வாங்கலாம். தங்கத் தகடு போல் மின்னும், பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் இது அரண்மனையில் பொழுதுபோக்குக்காக ஆடிய கட்டு. ஏறக்குறைய முந்நூறு வருஷம் டாரட் என்பது முக்கியமாக ஒரு சீட்டாட்டமாகவே இருந்தது. ஆக்ஸ்போர்டு தத்துவப் பேராசிரியர் மைக்கேல் டம்மட் 1980-இல் ஒரு பெரிய புத்தகம் எழுதி இதை நிலைநாட்டினார். பிரான்சிலும் ஆஸ்திரியாவிலும் இன்றைக்கும் அதை ஆட்டமாக ஆடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அப்படியானால் எகிப்து எங்கிருந்து வந்தது? பாரிஸிலிருந்து. 1781-இல் கூர் த ஜெபலான் என்னும் பாதிரியார், தாம் எழுதிவந்த பெரிய நூல் வரிசையின் எட்டாவது தொகுதியில், இந்தச் சீட்டுகள் எகிப்தியரின் தோத் தெய்வத்து ஞானப் புத்தகம் என்று எழுதினார். டாரட் என்ற பெயருக்கே எகிப்திய மொழியில் அரச பாதை என்று பொருள் என்றும் சொன்னார். இதைச் சொன்ன காலத்தில் எகிப்திய எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் உலகத்தில் ஒருவர்கூட இல்லை. ரொசெட்டா கல்வெட்டு அகப்பட்டதே 1799-இல். சாம்பொலியோன் அதை விடுவித்தது 1822-இல். எவருக்கும் தெரியாத பாஷையில் பொருள் சொன்னால் மறுக்க யார் வருவார்கள்? நம் ஊர்த் தலபுராணக்காரர்களும் இந்தத் துணிவைக் கண்டு கொஞ்சம் அசந்து போவார்கள்.

விதை விழுந்ததும் முளைத்தது. 'எத்தெய்லா' என்று தம் பெயரைத் திருப்பிப் போட்டு வைத்துக்கொண்ட அல்லியெத் என்பவர், 1785-இல் சோதிட முறையை விளக்கிப் புத்தகம் போட்டார். 1789-இல் சோதிடத்துக்கென்றே ஒரு கட்டையும் வெளியிட்டார். 1850-களில் எலிஃபாஸ் லெவி என்பவர் இருபத்திரண்டு படங்களையும் ஹீப்ரு மொழியின் இருபத்திரண்டு எழுத்துகளோடு முடிச்சுப் போட்டார். 1888-இல் லண்டனில் 'பொன் விடியல்' என்னும் ரகசியச் சங்கம் தோன்றி இவற்றையெல்லாம் வாங்கிக் கோத்தது.

அந்தச் சங்கத்தில் இருந்தவர் ஆர்தர் எட்வர்ட் வெயிட். அவருடைய கருத்துப்படி ஒரு புதிய கட்டுத் தயாராயிற்று. ரைடர் என்னும் லண்டன் பிரசுரகர்த்தர் 1909 டிசம்பரில் அதை வெளியிட்டார். பிரசுரகர்த்தர் பெயரும் யோசனை சொன்னவர் பெயரும் சேர்ந்து 'ரைடர்-வெயிட்' ஆயிற்று. வெயிட் எகிப்துக் கதையை நம்பவில்லை. ஆதாரமில்லை என்று தம் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறார். அவர் சொன்னதைக் காற்றில் விட்டுவிட்டு, அவர் கட்டையே எகிப்து என்று சொல்லி விற்றார்கள் என்பது வேறு கதை.

பிரசுரித்தவர் பெயர் வந்தது; யோசித்தவர் பெயர் வந்தது. படம் போட்டவர் யார்?

பாமேலா கோல்மன் ஸ்மித். 1878-இல் லண்டனில் பிறந்தவர், பெற்றோர் அமெரிக்கர். சிறு வயதில் சில வருஷங்கள் ஜமைக்காவில் வளர்ந்தார். அந்தத் தீவின் நாட்டுப்புறக் கதைகளைக் கேட்டு எழுதித் தாமே படமும் போட்டு 1899-இல் புத்தகமாக்கினார். நியூயார்க்கின் புரூக்ளினில் சித்திரம் படித்தார். எல்லன் டெர்ரி என்ற பெரிய நடிகையின் நாடகக் கோஷ்டியோடு சேர்ந்து ஊர் ஊராகச் சுற்றினார். 1907-இல் நியூயார்க்கில் ஸ்டீக்லிட்ஸ் என்னும் புகைப்படக் கலைஞர் தம் கூடத்தில் பாமேலாவின் சித்திரங்களைக் காட்சிக்கு வைத்தார். அதுவரை புகைப்படம் தவிர வேறெதுவும் ஏறாத சுவர்கள் அவை.

1909-இல் சில மாதங்களுக்குள் அவர் டாரட் படங்கள் முழுவதையும் வரைந்து முடித்தார். வேலை முடிந்ததும் ஸ்டீக்லிட்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். பெரிய வேலை ஒன்றை மிகச் சொற்பமான பணத்துக்குச் செய்து முடித்திருக்கிறேன் என்பது அதில் வருகிற செய்தி.

பெரிய வேலை என்பது மிகையல்ல. முதற் கட்டு வாங்குகிறவருக்கு அது எப்படி உதவுகிறது என்று பாருங்கள். மார்செய் நகரத்தின் பெயரால் வழங்கும் பழைய பிரெஞ்சுக் கட்டு ஒன்று இன்றும் விற்கிறது. 1760-இல் நிக்கோலா கொன்வேர் அச்சிட்டது அதில் பேர்போன பதிப்பு. அதில் 'கிண்ணம் ஐந்து' என்றால் ஐந்து கிண்ணங்கள்தான் இருக்கும். 'வாள் மூன்று' என்றால் மூன்று வாள்கள். புதிதாகப் பழகுகிறவர் இப்படி நாற்பது எண் சீட்டுகளுக்கும் பொருளை உருப்போட வேண்டும். வாய்ப்பாடு மாதிரிதான்.

பாமேலா அந்த நாற்பதிலும் மனிதர்களையும் காட்சிகளையும் வைத்தார். கிண்ணம் ஐந்தில், கறுப்புப் போர்வை போர்த்த ஒருவன் குனிந்து நிற்கிறான். எதிரே மூன்று கிண்ணங்கள் கவிழ்ந்து கிடக்கின்றன. முதுகுக்குப் பின்னால் இரண்டு கவிழாமல் நிற்கின்றன. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. இதற்கு அகராதி வேண்டுமா? வாள் ஆறில், படகுக்காரன் ஒருவன் முக்காடிட்ட பெண்ணையும் குழந்தையையும் அக்கரைக்குக் கொண்டுபோகிறான். எதை விட்டுப் போகிறார்கள் என்று நமக்குத் தெரியாது. ஆனால் ஏதோ ஒன்றை விட்டுப் போகிறார்கள். ஒரு நாவலாசிரியனுக்கு இருபது பக்கம் பிடிக்கிற விஷயத்தை அவர் உள்ளங்கையளவு அட்டையில் முடித்திருக்கிறார்.

எண் சீட்டுக்குக் காட்சி போடும் வழக்கம் அவருக்கு முன் அறவே இல்லாததன்று. 1491-ஐ ஒட்டிச் செதுக்கிய சோலா-புஸ்கா என்ற இத்தாலியக் கட்டில் அது உண்டு. அதன் புகைப்படங்கள் 1907-இல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்து சேர்ந்தன. மூன்று வாள்கள் துளைத்த இதயம் அங்கிருந்துதான் இங்கே வந்திருக்கிறது என்பது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். இருந்தாலும் இதயத்தின் பின்னால் மேகத்தையும் மழையையும் வைத்தவர் பாமேலாதான்.

இந்த நாற்பது காட்சிகளில்தான் ரைடர்-வெயிட் கட்டின் பெருமை இருக்கிறது. பழமை அதற்கில்லை, வயது நூற்றுச் சொச்சம். புதியவருக்கு அது ஏற்றது என்று எல்லோரும் சொல்வதற்குக் காரணம் எகிப்தியப் பூசாரியும் அல்ல, லண்டன் ரகசியச் சங்கமும் அல்ல. பார்த்தவுடன் புரியும்படி படம் போட ஒரு பெண்ணுக்குத் தெரிந்திருந்தது.

அந்தப் பெண்ணுக்கு என்ன கிடைத்தது? 1911-இல் அவர் கத்தோலிக்க மதம் தழுவினார். பிறகு கார்ன்வால் பக்கம் போய்க் குடியேறினார். ஓவியத்தால் பிழைப்பு நடக்கவில்லை. 1951 செப்டம்பரில் பியூட் என்ற கடற்கரை ஊரில் காலமானார். அவருடைய உடைமைகளைக் கடனுக்காக விற்றார்கள். சுமார் இருபது வருஷம் கழித்து, அமெரிக்காவில் டாரட் மோகம் கிளம்பி, அவர் கட்டு ஓயாமல் விற்பனையாகத் தொடங்கியது.

கடைகளில் எதிர்ப்படுகிற இன்னொரு பெரிய கட்டு, அலைஸ்டர் கிரௌலியின் பெயரால் வழங்கும் தோத் கட்டு. அதையும் வரைந்தவர் ஒரு பெண்: ஃபிரீடா ஹாரிஸ் சீமாட்டி. 1938 முதல் 1943 வரை ஐந்து வருஷம் வரைந்தார். பிற்காலத்தில் இந்தியாவுக்கு வந்து, 1962-இல் காஷ்மீரத்து ஸ்ரீநகரில் காலமானார். கட்டாக அது வெளிவந்தது 1969-இல். அழகில் குறைவில்லை, ஆனால் கணிதமும் சின்னங்களும் மண்டிக் கிடப்பதால் புதியவருக்குக் கொஞ்சம் கனம். அதை இரண்டாவதாக வைத்துக்கொள்வது நல்லது.

ஆகவே முதற் கட்டு எது என்று என்னைக் கேட்டால், நானும் ஊரார் சொல்வதையே சொல்வேன். ஒரு வார்த்தை மட்டும் கூட்டிச் சொல்வேன். பாமேலாவின் படங்களுக்கு பிரிட்டனில் இருந்த பதிப்புரிமை 2021 முடிவில் காலாவதியாகிவிட்டது. இன்று யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், வர்ணத்தை மாற்றலாம், ஓரத்தை வெட்டலாம். வாங்கும்போது ஏதாவது ஒரு சீட்டை எடுத்துப் படத்தின் கீழ்ப்பக்கம் பாருங்கள். அவர் பெயரின் முதலெழுத்துகளைப் பின்னிய சிறு முத்திரை, பாம்பு சுருண்டதுபோல், தெரிய வேண்டும். அது வெட்டுப்படாத கட்டாகப் பார்த்து எடுங்கள். 2009-இல், நூறாம் ஆண்டில், பதிப்பாளர்களே 'ஸ்மித்-வெயிட்' என்று அவர் பெயரை முன்னால் வைத்து ஒரு கட்டு வெளியிட்டார்கள். அது அகப்பட்டால் இன்னும் விசேஷம்.

வீட்டுக்கு வந்ததும் 'நாணயம் எட்டு' என்ற சீட்டைத் தேடி எடுத்துப் பாருங்கள். பெஞ்சில் உட்கார்ந்து ஓர் இளைஞன் சுத்தியும் உளியுமாக நாணயத்தில் நட்சத்திரம் செதுக்கிக்கொண்டிருக்கிறான். முடித்தவற்றைப் பக்கத்தில் வரிசையாக மாட்டியிருக்கிறான். ஊர் தூரத்தில் தெரிகிறது; அங்கிருந்து ஒருவரும் அவனைப் பார்க்க வரவில்லை. அவனும் தலை நிமிரவில்லை. கையிலிருப்பதை முடிப்பதிலேயே அவன் கவனம் இருக்கிறது.