கரை உடைந்தால் யார் வீடு?

1924, பிப்ரவரி 18. காவிரித் தண்ணீரைப் பங்கிடுவது பற்றி சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. பல வருடம் மல்லுக்கு நின்ற பிறகு வந்த சமரசம். உனக்கு இவ்வளவு, எனக்கு இவ்வளவு என்று கணக்கெல்லாம் பேசி முடித்து ஐந்தே மாதம்... ஜூலையில் காவிரியே நேரில் கிளம்பி வந்துவிட்டாள், கேட்டவர், கேட்காதவர் எல்லோருக்கும் பங்கு கொடுக்க!

மேற்குத் தொடர்ச்சி மலையில் அப்படியொரு மழை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் அதை இன்றும் ‘தொண்ணூற்றொன்பதாம் வருட வெள்ளம்’ என்பார்கள் (கொல்லம் ஆண்டு 1099). மூணாறில் ஓடிக்கொண்டிருந்த குட்டி ரயில்பாதை அந்த வெள்ளத்தில் சிதைந்தது. பிறகு அங்கே ரயில் ஓடவேயில்லை. இந்தப் பக்கம் காவிரியில் வந்தது விநாடிக்குச் சுமார் 4.56 லட்சம் கன அடி. இதை எப்படிப் புரிந்துகொள்வது? நான் படித்தது பி.காம். எதையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால்தான் மண்டையில் ஏறும். பார்த்தேன். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரி இருக்கிறதல்லவா? அதில் ஆயிரத்துக்கும் மேல்... ஒவ்வொரு விநாடியும்!

இவ்வளவையும் காவிரி தாங்குமா? தாங்காது. மற்ற ஆறுகள் கடலை நெருங்க நெருங்க அகலமாகும். தஞ்சைச் சீமையில் காவிரி கிளை கிளையாகப் பிரிந்து கொடுத்துக்கொண்டே போய், பூம்புகாரில் ஒரு வாய்க்கால் மாதிரிதான் கடலில் சேர்கிறாள். அதனால் வெள்ளத்தைக் கொள்ளிடத்தில் தள்ளிவிட வேண்டும். கல்லணை செய்வது அந்த வேலைதான். ஆர்தர் காட்டன் 1836-ல் முக்கொம்பில் கட்டிய மேலணை இருப்பதும் அந்த இரண்டு ஆறுகளும் பிரிகிற இடத்தில்தான்.

ஆனால், அணை தண்ணீரைப் பிரித்து விடும். ஊரைக் காப்பாற்றுவது கரை! ‘ஆத்துல தண்ணி ஏறுது’ என்று சொன்னால் தஞ்சாவூர்க்காரர் முதலில் ஓடியது வீட்டுக்கு அல்ல, கரைக்கு. கரையில் ஓர் எலி வளை போதும், தண்ணீர் கசிய ஆரம்பித்துவிடும். ராத்திரி பூராவும் பந்தத்தோடு காவல். கசிவு தெரிந்தால் மூங்கில், தென்னை மட்டை, வைக்கோல், மண் என்று கையில் கிடைத்ததைப் போட்டு அடைத்தாக வேண்டும். விட்டால் விடிவதற்குள் ஊர் இருக்காது.

வெள்ளைக்காரர் இதையும் சட்டமாக்கினார். 1858-ம் வருடத்து முதல் சட்டம், சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம். கரை உடையும் ஆபத்து என்றால் அதிகாரி கிராமத் தலைவருக்குச் சொல்லி அனுப்புவார். ஊரில் திடகாத்திரமான ஆண்கள் வந்தாக வேண்டும். கூலி உண்டு. வராவிட்டால் தண்டனை உண்டு.

சரிதானே என்கிறீர்களா? சட்டத்தில் ஒரு சின்ன வார்த்தை இருக்கிறது. கூப்பிட வேண்டியது எல்லா ஆண்களையும் அல்ல. ‘உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த’ ஆண்களை! மிராசுதார் வீடு மேட்டில். உயர்ந்த திண்ணை, அதற்கு மேல் கூடம், கால் வைத்த பத்தாயத்தில் நெல், மச்சில் பத்திரங்கள். பள்ளத்தில் மண்சுவர்க் குடிசையில் இருப்பவனோ, பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டு ஊர்க் கரையைக் காக்கப் போக வேண்டும். கரை உடைந்தால் முதலில் கரைவது அவன் சுவர்!

1934-ல் மேட்டூர் அணை வந்தது. வெள்ளத்தின் வேகம் குறைந்தது. நின்றுவிடவில்லை. அணை நிரம்பிவிட்டால் வருவதை அப்படியே திறந்துவிடுவதைத் தவிர அதற்கும் வழியில்லை. 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பக்கம் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. 2022 ஆகஸ்டில் மயிலாடுதுறை மாவட்டத்தில் மூழ்கிய ஊர்களின் பெயரைப் பாருங்கள்: நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளமணல். படுகை, திட்டு, மணல்... இது ஆற்றின் இடம் என்று பெயரே சொல்கிறது. தெரிந்தேதான் அங்கே இருக்கிறார்கள். வேறு இடம் வேண்டுமே?

நகரத்தில் இருக்கும் நமக்கு இதில் என்ன பாடம்? தஞ்சாவூர்ப் பத்தாயத்துக்குக் கால் வைத்தது அழகுக்கு அல்ல. அரிசி, பத்திரம், பள்ளிக்கூட சர்ட்டிபிகேட் எல்லாம் பிளாஸ்டிக் உறையில் பரண்மேல் ஏறட்டும். தண்ணீர் வாசலுக்கு வருமுன் மெயின் சுவிட்ச்சை அணையுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு தொடவே தொடாதீர்கள். மாடு இருந்தால் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். ஓடும் தண்ணீர் முழங்கால் அளவுதானே என்று இறங்காதீர்கள். கிளம்பச் சொன்னால் கிளம்புங்கள். பீரோவுக்குக் காவல் இருக்க வேண்டாம். வெள்ளம் வடிந்ததும் ஓடிப்போய் ஊறிய மண்சுவரை ஒட்டிப் படுக்காதீர்கள்; அது தண்ணீர் போன பிறகும் சாயும். எலெக்ட்ரீஷியன் பார்க்காமல் சுவிட்ச் போடாதீர்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள்.

இன்னொன்று. உங்கள் தெருவில் ரொம்பப் பள்ளத்தில் இருக்கும் வீடு யாருடையது என்று மழைக்கு முன்பே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கதவைத்தான் முதலில் தட்ட வேண்டும். 1858-ல் அவனைக் கூப்பிட ஆள் அனுப்பினார்கள், கரையைக் காப்பாற்ற. இப்போதாவது நாம் போவோம், அவனைக் காப்பாற்ற!