களிமண்ணும் வெண்கலமும்: ஆகஸ்டா சாவேஜ் நடத்திய பள்ளி



அண்ணல் அம்பேத்கரின் நினைவு நாளில் சிலைகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். டிசம்பர் 6 அன்று நாம் மாலை போடும் சிலைகளில் பல இரும்புக் கூண்டுக்குள் நிற்கின்றன. யார் உடைத்தார்கள், யார் வைக்கவிடாமல் தடுத்தார்கள், எந்த அதிகாரி கூண்டு போடச் சொன்னார் என்றெல்லாம் நாம் நிறையப் பேசியிருக்கிறோம், எழுதியிருக்கிறோம், வழக்கும் போட்டிருக்கிறோம். ஆனால் ஒரு சிலையைச் செய்யும் கைக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள், நம் பிள்ளைகளுக்கு அதைக் கற்றுக்கொடுக்க ஓர் இடம் இருக்கிறதா என்று அதிகம் கேட்டதில்லை. அந்தக் கேள்வியை ஒரு கறுப்பினப் பெண்ணின் வரலாற்றின் வழியாகக் கேட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

1913 முதல் 1916 வரை அம்பேத்கர் படித்த கொலம்பியா பல்கலைக்கழகம் நியூயார்க் நகரத்தில் ஹார்லெம் பகுதியை ஒட்டி இருக்கிறது. 1946இல் அவர் கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். ஐக்கிய நாடுகள் சபைக்குக் கறுப்பின மக்கள் சார்பில் அளிக்கப்பட்ட மனுவின் பிரதியைக் கேட்ட கடிதம் அது. நம் மாணவர்களுக்கு இது தெரிந்த செய்தி. அந்த டு பாய்ஸின் முகத்தை 1920களில் மார்பளவுச் சிலையாக வடித்தவர், சலவைக்கூடங்களில் வேலை பார்த்து வயிற்றைக் கழுவிய ஒரு பெண். பெயர் ஆகஸ்டா சாவேஜ்.

செங்கல் மண்ணில் தொடங்கியது

ஆகஸ்டா 1892இல் ஃபுளோரிடா மாநிலத்தில் கிரீன் கோவ் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். பதினான்கு பிள்ளைகளில் ஏழாவது. அந்த ஊர் மண் செங்கல் அறுக்க ஏற்ற செம்மண். மற்ற பிள்ளைகள் மண்ணில் சோறு சமைத்து விளையாடியபோது இவர் வாத்துகளைச் செய்தார். தந்தை மெத்தடிஸ்ட் போதகர். உருவம் செய்வது விவிலியத்துக்கு எதிரான பாவம் என்று நம்பியவர். வாரத்தில் நாலைந்து நாள் அடி விழுந்தது என்று ஆகஸ்டா பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

1915இல் குடும்பம் வெஸ்ட் பாம் பீச்சுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே களிமண் கிடைக்கவில்லை. ஒரு மட்பாண்டக்காரரிடம் கேட்டு வாங்கி வந்த மண்ணில் மீண்டும் தொடங்கினார். பள்ளித் தலைமையாசிரியர் அதைப் பார்த்துவிட்டு, நாளுக்கு ஒரு டாலர் கூலிக்குப் பிள்ளைகளுக்குக் களிமண் வேலை சொல்லித்தரச் சொன்னார். ஆகஸ்டா எந்தக் கலைப்பள்ளியிலும் அதுவரை படித்திருக்கவில்லை. சிற்பி என்று உலகம் அவரை அழைப்பதற்கு முன்பே அவர் ஆசிரியர் ஆகிவிட்டார். 1919இல் மாவட்டக் கண்காட்சியில் அவருடைய உருவங்களுக்கு 25 டாலர் பரிசு கிடைத்தது.

1921இல் நியூயார்க் வந்து இறங்கியபோது கையில் 4 டாலர் 60 சென்ட் இருந்ததாகச் சொல்வார்கள். கூப்பர் யூனியன் என்ற கட்டணமில்லாக் கல்லூரியில் காத்திருப்போர் பட்டியலில் 142 பேர் இருந்தார்கள். அவர்களுக்கு முன்னதாக இவருக்கு இடம் கிடைத்தது. நான்கு ஆண்டுப் படிப்பை மூன்று ஆண்டில் முடித்தார். இடையில் வேலை போய் வாடகை கட்ட வழியில்லாமல் நின்றபோது, கல்லூரியே வாழ்க்கைச் செலவுக்குப் பணம் கொடுத்தது. ஒரு பொது நிறுவனம் கதவைத் திறந்து வைப்பதோடு சாப்பாட்டுக்கும் வழிசெய்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது சாட்சி. உதவித்தொகை வந்து சேரக் காத்திருக்கும் நம் விடுதி மாணவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

தகுதி இருந்தது, இடம் இல்லை

1923இல் பிரான்சின் ஃபோன்தேன்புளோவில் நடந்த கோடைக்காலக் கலைப்பள்ளிக்கு அமெரிக்கப் பெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆகஸ்டா விண்ணப்பித்தார். அவர் கறுப்பினத்தவர் என்று தெரிந்ததும் குழு அவரை நிராகரித்தது. தென்மாநில வெள்ளைப் பெண்கள் அவரோடு ஒரே கப்பலில் போகவும் ஒன்றாகத் தங்கவும் சங்கடப்படுவார்கள் என்பதுதான் காரணம்.

இந்தக் காரணத்தை நமக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே பந்தி, ஒரே விடுதி அறை, ஒரே தண்ணீர்ப் பானை என்று நம் ஊரில் அதற்குப் பல பெயர்கள் உண்டு. விலக்குகிறவருடைய சங்கடம்தான் அங்கே விதியாகிறது.

ஆகஸ்டா அடங்கிப் போகவில்லை. பத்திரிகைகளுக்கு எழுதினார், செய்தி பெரிதானது. தேர்வுக்குழுவில் இருந்த சிற்பி ஹெர்மன் மெக்நீல் மனம் வருந்தித் தன்னிடம் வந்து கற்கும்படி அழைத்தார். ஆனால் குழு முடிவை மாற்றவில்லை. பாரிஸ் போய்ச் சேர அவருக்கு மேலும் ஆறு ஆண்டுகள் ஆயின. 1929 வாக்கில் தெருச்சிறுவன் ஒருவனின் தலையை வடித்தார். சாய்ந்த தொப்பி, எல்லாம் பார்த்துவிட்ட கண்கள். தெருப்பையன் என்று பொருள்படும் ‘காமன்’ என்ற பிரெஞ்சுச் சொல்லே அதன் பெயர். அந்தச் சிலைதான் ரோசன்வால்ட் நிதியத்தின் உதவித்தொகையை வாங்கித் தந்தது.

பாரிஸிலிருந்து அவர் கொண்டுவந்தது

பாரிஸில் அவர் சேர்ந்த கிராந்த் ஷோமியேர், ரோதினிடம் பல ஆண்டுகள் உதவியாளராக இருந்த பூர்தெல் பாடம் நடத்திய பள்ளி. ஆகஸ்டா தனியாகப் பயின்ற சார்ல் தெஸ்பியோவும் ரோதினின் பட்டறையில் வேலை செய்தவர். ரோதினையே பிரான்சின் அரசுக் கலைப்பள்ளி மூன்று முறை சேர்க்க மறுத்தது என்பதையும் இங்கே நினைவில் வைப்போம்.

இந்த நவீனச் சிற்பிகளிடமிருந்து ஒரு கறுப்பின ஆசிரியருக்கு என்ன கிடைத்தது? அன்றைய அமெரிக்கக் கடைகளில் கறுப்பின உருவங்களுக்குப் பஞ்சமில்லை. தடித்த உதடும் பிதுங்கிய கண்ணுமாக பிஸ்கட் ஜாடி, உண்டியல், தோட்டத்துப் பொம்மை என்று வீட்டுக்கு வீடு விற்றார்கள். அவையும் உருவங்கள்தான், ஆனால் கேலிக்காக அச்சில் வார்த்தவை. ரோதின் வழிவந்த பட்டறையில் முதல் பாடமே வேறு. எதிரில் உயிரோடு நிற்கும் மனிதரைப் பார், சுற்றி வந்து பார், தெரிந்த முகம் என்று நினைக்காதே. கழுத்து எலும்பு எங்கே தொடங்குகிறது, களைத்த தோள் எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்த்து மண்ணை வை. கட்டைவிரல் பதிந்த தடம் இருந்தால் இருக்கட்டும். கடைப்பொம்மைக்கு எதிரான அரசியல் இந்தப் பார்வைப் பயிற்சியிலேயே இருக்கிறது.

இதே பரம்பரையின் இன்னொரு கிளை இந்தியாவுக்கும் வந்தது. பூர்தெல்லிடம் பயின்ற மார்கரெட் மில்வர்ட் சாந்திநிகேதனில் பாடம் நடத்தினார். அங்கே கற்றவர்களில் ஒருவர் ராம்கிங்கர் பைஜ். வங்காளத்தின் பாங்குராவில் சவரத்தொழில் செய்யும் சமூகத்தின் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, பக்கத்துச் சிலைசெய்வோரைப் பார்த்து மண்ணில் கை வைத்தவர். 1938இல் வெண்கலத்துக்குக் காசில்லாமல் சிமெண்டும் செம்பூரான் கல்துகளும் கலந்து ‘சந்தால் குடும்பம்’ சிற்பத்தை எழுப்பினார். தெய்வமும் இல்லை, அரசரும் இல்லை. பிழைப்புத் தேடி நடக்கும் ஓர் ஆதிவாசிக் குடும்பமும் ஒரு நாயும். யார் கற்கிறார்கள் என்பது மாறும்போது யாரைச் செய்கிறார்கள் என்பதும் மாறுகிறது.

தரைக்கடியில் ஒரு வகுப்பு

அமெரிக்கா திரும்பியபோது பொருளாதார வீழ்ச்சி. சிற்பம் வாங்க ஆளில்லை. 1932இல் ஹார்லெமின் மேற்கு 143ஆம் தெருவில், ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில், ஆகஸ்டா தன் பட்டறையைப் பள்ளியாக்கினார். கற்க விரும்பும் யாரும் வரலாம்.

அங்கே கற்றவர்களில் தையல்கடையில் வேலை பார்த்த நார்மன் லூயிஸ் உண்டு. வில்லியம் ஆர்ட்டிஸ், எர்னஸ்ட் கிரிச்லோ, குவெண்டலின் நைட் உண்டு. பின்னாளில் உளவியலாளரான கென்னத் கிளார்க்கும் உண்டு. கிளார்க்கும் அவர் மனைவி மேமியும் கறுப்பினக் குழந்தைகளிடம் வெள்ளைப் பொம்மையையும் கறுப்புப் பொம்மையையும் காட்டி எது நல்லது என்று கேட்டு நடத்திய ஆய்வு, 1954இல் பள்ளிகளில் இன ஒதுக்கலைச் சட்டவிரோதம் என்று அறிவித்த தீர்ப்பில் எடுத்தாளப்பட்டது. ஆகஸ்டாவின் வகுப்புதான் அதற்குக் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. ஒரு குழந்தை தன் நிறத்தில் ஓர் உருவத்தை எப்படிப் பார்க்கிறது என்ற கேள்விக்கு, அந்த அடித்தளத்தில் தினமும் மண்ணால் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பதைத்தான் சொல்கிறேன்.

ஆகஸ்டாவின் பணி கற்றுக்கொடுத்ததோடு நிற்கவில்லை. அரசு கலைஞர்களுக்கு வேலை கொடுக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தபோது கறுப்பினக் கலைஞர்களைச் சேர்க்கச் சொல்லி மல்லுக்கு நின்றார். 1935இல் உருவான ஹார்லெம் கலைஞர் சங்கத்தின் முன்னோடிகளில் அவரும் ஒருவர். ஜேக்கப் லாரன்ஸ் என்ற இளைஞரை வேலையில் சேர்க்க அழைத்துப் போனார். இருபத்தொரு வயது ஆகவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். லாரன்ஸ் அதை மறந்தேபோனார், ஆகஸ்டா மறக்கவில்லை. அடுத்த ஆண்டு அவரைத் தேடிப் பிடித்து மறுபடியும் அழைத்துப் போய்க் கையெழுத்துப் போட வைத்தார். அந்த லாரன்ஸ்தான் 1941இல் தெற்கிலிருந்து வடக்கே பெயர்ந்த கறுப்பின மக்களின் வரலாற்றை 60 ஓவியங்களாகத் தீட்டியவர்.

1937 டிசம்பரில் லெனாக்ஸ் அவென்யூவில் ஹார்லெம் சமூகக் கலை மையம் திறக்கப்பட்டது. ஆகஸ்டா அதன் முதல் இயக்குநர். கட்டணம் கிடையாது, பகலிலும் மாலையிலும் வகுப்புகள். 1,500க்கு மேற்பட்டோர் சேர்ந்தார்கள். சேரி என்று நகரம் ஒதுக்கிய பகுதியில் நடந்தது இது. அரசு ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுத்ததால், அதைக் கொடுக்க வைக்கும் அளவுக்குக் கலைஞர்கள் சங்கமாகத் திரண்டதால் நடந்தது. தனிமனிதத் தியாகக் கதையாக மட்டும் இதைச் சொன்னால் பாதியை மறைத்தவர்களாவோம்.

இடிக்கப்பட்ட யாழ்

1939 நியூயார்க் உலகக் கண்காட்சிக்கு ஒரு சிற்பம் செய்ய அவருக்கு அழைப்பு வந்தது. ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் எழுதிய, கறுப்பின மக்களின் தேசியகீதம் போலப் போற்றப்படும் பாடலைக் கருவாக எடுத்தார். 16 அடி உயர யாழ். அதன் நரம்புகளாகப் பன்னிரண்டு கறுப்பினப் பாடகர்கள் உயர வரிசையில் நின்றார்கள். அவர்களைத் தாங்கியது நீண்ட ஒரு கை. கண்காட்சிக்கு வந்த கூட்டம் அதைக் கொண்டாடியது. அதன் சிறு உலோகப் பிரதிகளை நினைவுப் பொருளாக வாங்கிப் போனது.

இங்கே தொழில் பற்றி ஒரு வார்த்தை. களிமண்ணில் செய்த உருவம் காய்ந்தால் வெடிக்கும். ஈரத்துணி சுற்றிக் காப்பாற்றி, அதன்மேல் பிளாஸ்டர் அச்சு எடுத்து, அச்சிலிருந்து பிளாஸ்டர் பிரதி வார்ப்பார்கள். அதுவும் உடையக்கூடியது. அதிலிருந்து வெண்கலம் வார்த்தால்தான் நூற்றாண்டுக்கு நிற்கும். களிமண் ஆற்றங்கரையிலும் கிடைக்கும். வெண்கலத்துக்குப் பட்டறையும் பணமும் வேண்டும். எது வெண்கலமாகிறது, எது மண்ணோடு போகிறது என்பதைத் திறமை தீர்மானிப்பதில்லை.

யாழ் பிளாஸ்டரில் செய்தது. வெண்கலத்தில் வார்க்கவோ, எடுத்து வந்து ஓரிடத்தில் வைக்கவோ ஆகஸ்டாவிடம் பணம் இல்லை. கண்காட்சி முடிந்ததும் மற்ற கட்டுமானங்களோடு அதையும் புல்டோசர் விட்டு நொறுக்கினார்கள். சிற்பம் செய்யப் போனபோது விட்டுச்சென்ற இயக்குநர் பதவியும் திரும்பக் கிடைக்கவில்லை. நிதி நின்றதும் சில ஆண்டுகளில் கலை மையமும் மூடப்பட்டது. ஆகஸ்டா நகரத்தை விட்டுச் சாகர்ட்டீஸ் என்ற சிற்றூருக்குப் போனார். அங்கேயும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். 1962இல் இறந்தார். தான் நிலையான எதையும் செய்துவிடவில்லை, ஆனால் இந்தப் பிள்ளைகளின் திறமையை வளர்த்துவிட்டால் அவர்கள் செய்யப்போவதே தன் நினைவுச்சின்னம் என்று அவர் 1930களிலேயே ஒரு பேட்டியில் சொல்லியிருந்தார்.

அந்த வார்த்தைகள் அழகானவை. ஆனால் எனக்கு அவற்றின் மேல் கோபமும் உண்டு. ஆசிரியராகவும் சிற்பியாகவும் இருக்க அவருக்கு உரிமை இருந்தது. ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை இழக்க வைத்தது எது என்று நாம் கேட்க வேண்டும்.

நம்முடைய மண்

கடைசியாக ஒரு சிறு அனுபவம். எங்கள் மாலைநேரப் பாடசாலையில் ஒரு கோடை விடுமுறையில் ஏரிக் களிமண் கொண்டுவந்து பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். செங்கல் சூளையில் முன்பணம் வாங்கி வேலை செய்யும் குடும்பத்துச் சிறுமி ஒருத்தி, மண்ணைக் கையில் எடுத்ததும் கல்லும் வேரும் பொறுக்கி, தண்ணீர் தெளித்து, பிசைந்து பதமாக்கிவிட்டாள். எங்களில் யாருக்கும் அந்தப் பதம் வரவில்லை. நான் பாராட்டினேன். அவள் சிரித்துவிட்டு, “இது சூளை வேலதானக்கா, இதப் போயி கிளாஸ்னு சொல்றீங்க?” என்றாள்.

மூன்று நாளில் மண் மிதிக்கும் தன் அம்மாவைச் செய்தாள். தூக்கிச் செருகிய புடவை, குனிந்த முதுகு. நான்காம் நாள் அது இடுப்பில் வெடித்து இரண்டானது. தடித்த உருவத்தை உள்ளே குடைந்துவிட வேண்டும், நிழலில் மெதுவாகக் காயவிட வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. சாதியை ஒழிப்பது பற்றி மணிக்கணக்கில் பேசத் தெரிந்த எனக்கு, ஒரு பிள்ளையின் மூன்று நாள் உழைப்பைக் காப்பாற்றத் தெரியவில்லை. ஐயனார் குதிரை செய்யும் வேளார் ஒருவரைக் கூப்பிட்டிருந்தால் சொல்லியிருப்பார். சென்னையிலோ கும்பகோணத்திலோ கவின்கலைக் கல்லூரியில் படிக்கும் ஒரு மாணவர் வந்திருந்தாலும் சொல்லியிருப்பார்.

எனவே இங்கே இருக்கும் மாணவர்களிடமும் தோழர்களிடமும் மூன்று கோரிக்கைகள். நம் மாலை வகுப்புகளில் வாரத்தில் ஒரு நாளாவது மண் இருக்கட்டும். கலைக்கல்லூரிகளில் படிக்கும் நம் பிள்ளைகள் படிப்பு முடிந்த பிறகு அல்ல, படிக்கும்போதே ஊருக்கு வந்து ஒரு வகுப்பு எடுக்கட்டும். சிலைக்கு வசூலிக்கும் பணத்தில் ஒரு பங்கை அந்த வகுப்புக்கு ஒதுக்குவோம். கற்றுக்கொடுப்பவருக்குக் கூலி கொடுப்போம், அரசிடமும் கேட்போம். ஆகஸ்டாவுக்கும் நாளுக்கு ஒரு டாலர் கொடுத்தார்கள்.

அந்தச் சிறுமியின் குடும்பம் பருவம் முடிந்து வேறு சூளைக்குப் போய்விட்டது. அடுத்த பருவத்துக்குத் திரும்பி வரலாம். அவள் வரும்போது குடைவதற்கான கம்பி வளையமும், சுற்றிவைக்க ஈரத்துணியும், சொல்லித்தர ஒருவரும் தயாராக இருக்க வேண்டும்.