ஒரே இரத்தம், ஒரே அடுப்பு: இரைப்பைப் புற்றுநோயில் குடும்ப வரலாறு

1821 மே 5 அன்று செயின்ட் ஹெலினா தீவில் நெப்போலியன் இறந்தார். மறுநாள் அவருடைய மருத்துவர் பிரான்செஸ்கோ அந்தோமார்க்கி, ஆங்கிலேய மருத்துவர்கள் சூழ்ந்து நிற்க, உடலைத் திறந்தார். இரைப்பையில் பெரிய புண்ணும் அதைச் சுற்றிக் கெட்டித்த கட்டியும் இருந்தன. இந்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்கியவர் நெப்போலியனே. இரைப்பையைக் குறிப்பாகப் பார்க்க வேண்டும், கண்டதைத் தன் மகனுக்குச் சொல்ல வேண்டும் என்று உயிரோடு இருக்கும்போதே கூறியிருந்தார். அவருடைய தந்தை கார்லோ 1785இல் மோன்பெலியே நகரில் 38 வயதில் இறந்தார். அவர் உடலைத் திறந்தபோதும் இரைப்பையின் கீழ்வாயில் கட்டி இருந்ததாகக் குறிப்பு உண்டு.

பிள்ளையை எச்சரிக்கத் தன் பிணத்தையே சான்றாக வைத்த அந்த விருப்பம், குடும்ப வரலாற்றை மருத்துவத் தகவலாகக் கருதியதற்கான பழைய சான்றுகளுள் ஒன்று. (மகன் 1832இல் வியன்னாவில் காசநோயால் 21 வயதில் இறந்தார், எச்சரிக்கைக்கு வேலையே வரவில்லை.) பிற்கால மருத்துவ நூல்களில் போனபார்ட் குடும்பம் பரம்பரை இரைப்பைப் புற்றுநோய்க்கு நிலையான எடுத்துக்காட்டாயிற்று. நெப்போலியனின் உடன்பிறந்தோர் சிலரையும் இந்தப் பட்டியலில் சேர்த்தார்கள். அவர்களைப் பற்றிய ஆதாரம் மெலிந்தது. 2007இல் அலெசாண்ட்ரோ லுக்லி குழுவினர் பழைய பரிசோதனை அறிக்கைகளை இன்றைய நோயியல் அறிவோடு ஒப்பிட்டு, நெப்போலியனுக்கு இருந்தது முற்றிய இரைப்பைப் புற்றுநோயே என்றனர். ஆனால் அது பரம்பரையால் வந்திருப்பதைவிட, கிருமித்தொற்றால் உண்டான நாட்பட்ட இரைப்பை அழற்சியிலிருந்து வளர்ந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது அவர்கள் முடிவு.

ஒரே குடும்பத்தில் இருவருக்கு ஒரே நோய் வந்தால் அதற்கு இரண்டு வழிகள் உண்டு. பெற்றோரின் உயிரணுக்கள் வழியே வந்திருக்கலாம். அல்லது ஒரே வீட்டில் ஒரே சோற்றையும் ஒரே நீரையும் ஒரே கிருமியையும் பகிர்ந்ததால் வந்திருக்கலாம். இரைப்பைப் புற்றுநோய் பற்றிய நூறாண்டு ஆய்வை, இவ்விரண்டையும் பிரித்தறிய நடந்த முயற்சியாகவே நான் வாசிக்கிறேன்.

முதல் முறையான பதிவு மிச்சிகனில் தொடங்கியது. 1895இல் ஆல்ட்ரெட் ஸ்காட் வார்தின் என்ற நோயியலாளரிடம் ஒரு தையல்காரப் பெண், தன் குடும்பத்தாரைப் போலத் தானும் புற்றுநோயில்தான் சாவேன் என்று வருந்தினார். வார்தின் அதை வெறும் அச்சமென்று ஒதுக்காமல் வம்சாவளியைத் திரட்டினார். 1913இல் வெளியிட்ட கட்டுரையில், ஜெர்மனியிலிருந்து குடியேறிய ஒரு பாட்டனாரின் வழிவந்த 48 பேரில் 17 பேர் புற்றுநோயால் இறந்தோ அறுவை செய்துகொண்டோ இருந்தனர் என்று காட்டினார். பத்துப் பேருக்குக் கருப்பையில், ஏழு பேருக்கு இரைப்பையில். அந்தத் தையல்காரப் பெண்ணும் பின்னர் கருப்பைப் புற்றுநோயால்தான் இறந்தார். அன்றைய மருத்துவ உலகம் வார்தினைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

எனக்கு இந்தக் குடும்பத்தின் பிற்பாதிக் கதைதான் முக்கியம். ஹென்றி லின்ச் என்ற மருத்துவர் ஆன் கிரஷ் என்பவருடன் சேர்ந்து அதே குடும்பத்தை மீண்டும் தேடிச்சென்று, 1971இல் முடிவை வெளியிட்டார். நோய் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்திருந்தது. ஆனால் இடம் மாறியிருந்தது. பிந்தைய தலைமுறைகளில் இரைப்பைப் புற்றுநோய் குறைந்து, பெருங்குடல் புற்றுநோய் ஏறியிருந்தது. இன்று லின்ச் நோய்த்தொகுதி என்று அழைக்கப்படும் நிலைக்குக் காரணமான எம்எஸ்எச்2 மரபணுப் பிறழ்வு அக்குடும்பத்தில் இருப்பது 2000இல் உறுதியாயிற்று. மரபணு அதேதான். ஆனால் அக்காலத்தில் அமெரிக்கா முழுவதிலும் இரைப்பைப் புற்றுநோய் சரிந்தது. குளிர்பதனப் பெட்டி வந்து உப்புக்கண்டத்தின் தேவை குறைந்தது. வீட்டில் நெரிசல் குறைந்தது. அந்தச் சரிவு இக்குடும்பத்தையும் தொட்டது. எந்த உறுப்பில் நோய் வரும் என்பதில் வாழ்நிலைக்கும் பங்கிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

இடைப்பட்ட காலத்தில் வேறு தடயங்களும் வந்தன. 1953இல் இயன் எய்ர்டும் கூட்டாளிகளும் ஏ இரத்தவகையினரிடையே இந்நோய் சற்று மிகுதி என்று காட்டினர். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். இது மரபின் பக்கம் நின்ற சான்று, ஆனால் சிறியது. எதிர்ப்பக்கச் சான்று வலுவானது. ஹவாயிலும் அமெரிக்க நிலப்பகுதியிலும் குடியேறிய ஜப்பானியர்களை 1960களில் வில்லியம் ஹேன்ஸல் உள்ளிட்டோர் ஆராய்ந்தபோது, அங்கேயே பிறந்த பிள்ளைகளிடம் நோய் வெகுவாகக் குறைந்திருந்தது. இரத்தம் மாறாமலே அபாயம் மாறியது.

வீட்டில் எது பகிரப்படுகிறது என்ற கேள்விக்கு விடை பெர்த் நகரில் கிடைத்தது. 1982இல் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் இரைப்பையில் வாழும் சுருள்வடிவப் பாக்டீரியாவை வளர்த்தெடுத்தனர். பின்னாளில் அதற்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்று பெயர். 1991இல் வெளியான ஆய்வுகள் அதைப் புற்றுநோயோடு தொடர்புபடுத்தின. 1994இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அதை முதல்தரப் புற்றுநோய்க் காரணியாக வகைப்படுத்தியது. இக்கிருமி பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே தொற்றுகிறது. தாயிடமிருந்தும் உடன்பிறந்தோரிடமிருந்தும் வருவதே அதிகம். பெற்றோர் அல்லது உடன்பிறந்தோரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால் மற்றவருக்கு அபாயம் ஏறத்தாழ இரண்டு மூன்று மடங்கு என்று பல நாட்டு ஆய்வுகள் சொன்னதன் பெரும்பகுதிக்கு இப்போது ஒரு விளக்கம் கிடைத்தது. மரபியலுக்கு இனி இங்கே வேலையில்லை என்று நினைக்கத் தோன்றிய காலம் அது.

அந்த நேரத்தில்தான் நியூசிலாந்திலிருந்து ஒரு செய்தி வந்தது. ஒரு பெரிய மாவோரிக் குடும்பத்தில் அடுக்கடுக்காக இரைப்பைப் புற்றுநோய்ச் சாவுகள் நிகழ்வதை 1964இலேயே ஒரு மருத்துவக் கட்டுரை பதிவு செய்திருந்தது. மறு ஆண்டு பின்லாந்தின் பெக்கா லாரென் இரைப்பைப் புற்றுநோய் இருவகைப்படும் என்று பிரித்தார்: குடல்திசு போன்ற கட்டியாகத் திரள்வது ஒன்று, கட்டியே எழாமல் செல்கள் உதிரி உதிரியாகச் சுவருக்குள் பரவுவது இன்னொன்று. முன்னதுதான் கிருமியோடும் உப்போடும் நெருங்கிய உறவுடையது. மாவோரிக் குடும்பத்தைத் தாக்கியது பின்னது. பதின்ம வயதினரும் அதற்குப் பலியாகினர். சாபம் என்று குடும்பத்தில் சிலர் நம்பினர். அந்த விளக்கத்தோடு நிற்க மனமில்லாத உறுப்பினர்கள் 1990களில் தாங்களே ஒடாகோ பல்கலைக்கழகத்தின் மரபியலாளர்களை அணுகினார்கள். உறவுமுறைகளைத் தொகுத்ததும், உறவினரைப் பேசி இசையவைத்ததும் குடும்பத்தாரே.

1998இல் பாரி கில்ஃபோர்டு தலைமையிலான குழு ‘நேச்சர்’ இதழில் விடையை வெளியிட்டது. 16ஆம் குரோமோசோமில் உள்ள சிடிஎச்1 என்ற மரபணுவில் பிறழ்வு. இம்மரபணு உண்டாக்கும் இ-கேட்ஹெரின் என்ற புரதம் அடுத்தடுத்த செல்களைச் சுவரில் செங்கற்களைப் பூசிப் பிடிக்கும் சாந்துபோல இணைத்து வைக்கிறது. அது போனால் செல்கள் பிரிந்து அலைகின்றன. கட்டி திரளாமல் பரவும் வகையின் இயல்பும் இதுவே. கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் குடும்பத்தாரின் பெயர்களும் இருந்தன. ஆராயப்படுவோர் எண்களாகவே அச்சேறும் துறையில் இது அரிது.

கண்டுபிடிப்பைவிட அதன் விளைவை எதிர்கொள்வதுதான் கடினமாக இருந்தது. இந்தப் புற்று மேல்படலத்துக்கு அடியில் புள்ளிபுள்ளியாகத் தொடங்குவதால் எண்டோஸ்கோப்பிக்குத் தப்பிவிடும். நோய்க்குறி எதுவும் இல்லாத இளைஞர்களின் இரைப்பையை முழுமையாக எடுத்துப் பார்த்தபோது, கண்ணுக்குத் தெரியாத புற்றுத்திட்டுகள் இருந்தன என்று 2001இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே பிறழ்வு உள்ளவர்களுக்கு நலமாக இருக்கும்போதே இரைப்பையை அகற்றுவது பரிந்துரையானது. இரைப்பை இல்லாமல் வாழலாம்; சிறுசிறு வேளைகளாக உண்டு, ஆயுள் முழுதும் பி12 ஊசி போட்டுக்கொண்டு.

எத்தனை பேருக்கு அது உண்மையிலேயே தேவை? தொடக்க மதிப்பீடுகள் வாழ்நாள் அபாயத்தை ஆண்களுக்கு 67 சதவீதம், பெண்களுக்கு 83 சதவீதம் என்றன. 2015இல் அது முறையே 70, 56 ஆனது. 2019இல் வெளியான ஓர் ஆய்வில் 42, 33 என்று இறங்கியது. மரபணு திடீரென்று சாதுவாகிவிடவில்லை. முதலில் எண்ணப்பட்டவை சாவுகள் குவிந்ததால் கண்ணில் பட்ட குடும்பங்கள். பின்னர் பரவலான மரபணுப் பரிசோதனையில், வரலாறு எதுவும் இல்லாத குடும்பங்களிலும் பிறழ்வு தென்பட்டது. நோய் மிகுந்த வீட்டைத் தேடிப்போய் அளந்தால் அளவு மிகையாகத்தான் வரும். இந்தத் தேர்வுப்பிழை பழைய எண்களில் எவ்வளவு ஆழமாகப் புகுந்திருந்தது என்பதை இத்துறை தாமதமாகவே ஒப்புக்கொண்டது என்பேன். மேலும், இத்தகைய ஒற்றை மரபணுக் குடும்பங்கள் மொத்த இரைப்பைப் புற்றுநோயில் நூற்றுக்கு ஒன்றிலிருந்து மூன்று வரைதான். குடும்பத்தில் நோய் திரண்டு தெரிவதோ ஏறத்தாழ பத்துக்கு ஒருவரிடம். இந்த இடைவெளிக்கு விளக்கம் வேண்டும்.

வீட்டில் பகிர்ந்த கிருமிதான் அந்த விளக்கமா என்று நேரடியாகச் சோதித்தது தென்கொரியாவின் தேசியப் புற்றுநோய் மையம். பெற்றோரோ உடன்பிறந்தோரோ இந்நோய்க்கு ஆளான, பைலோரி தொற்றுள்ள 1,676 பேரில் பாதிப்பேருக்குக் கிருமியை அழிக்கும் மருந்து, மற்றவர்களுக்கு மருந்தற்ற மாத்திரை. 2020இல் வெளியான முடிவின்படி, ஒன்பது ஆண்டு போல நீண்ட கண்காணிப்பில் மருந்து பெற்ற 832 பேரில் 10 பேருக்கும் பெறாத 844 பேரில் 23 பேருக்கும் புற்றுநோய் வந்தது. குடும்ப வரலாறு இரு பக்கமும் ஒன்றே. கிருமி போனபோது அபாயம் பாதிக்கும் கீழே இறங்கியது.

2023இல் ஜப்பானிலிருந்து வந்த ஆய்வு இன்னொரு படி சென்றது. அங்குள்ள உயிர்மாதிரி வங்கியில் 10,426 நோயாளிகளையும் 38,153 நலமுள்ளோரையும் ஒப்பிட்டார்கள். மார்பகப் புற்றுநோயால் பெயர்பெற்ற பிஆர்சிஏ உள்ளிட்ட, டிஎன்ஏ முறிவைச் சீர்செய்யும் மரபணுக்கள் சிலவற்றில் கேடான பிறழ்வும் பைலோரி தொற்றும் சேர்ந்து இருந்தவர்களுக்கு, 85 வயதுக்குள் இரைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 45.5 சதவீதம். தொற்று மட்டும் இருந்தால் 14.4. பிறழ்வு மட்டும் இருந்து தொற்று இல்லாதவர்களுக்கு 5 சதவீதத்துக்கும் கீழே. வார்தின் கண்ட குடும்பத்தில் ஏன் நோய் இடம் மாறியது என்பதற்கும் இத்தகைய கூட்டுவினையே விளக்கமாகலாம்.

இந்த எண்களை அப்படியே நம் ஊருக்கு எடுத்துவர முடியாது. இந்தியாவில் பைலோரி தொற்று மிகப் பரவலாக இருந்தும் இந்நோய் ஜப்பான், கொரியா அளவுக்கு இல்லை. அதே இந்தியாவுக்குள் மிசோரமில் மிக அதிகம், சென்னையிலும் ஆண்களிடையே நெடுங்காலமாக முன்னணிப் புற்றுநோய்களுள் ஒன்று. கிருமியின் ரகம், உணவு, புகையிலை, மரபு ஆகியவை ஒவ்வோர் இடத்திலும் வேறு விகிதத்தில் கலக்கின்றன. நம் கேஸ் ஷீட்டில் ‘வீட்டில் யாருக்காவது புற்றுநோய் உண்டா’ என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரு சொல் எழுதினால் இதில் எதுவும் பிடிபடாது. எந்த வயதில், எந்த வகை, பெண்களில் யாருக்கேனும் மார்பகப் புற்று வந்ததா, நோயாளியின் பெற்றோருக்கும் உடன்பிறந்தோருக்கும் பைலோரி பார்த்தார்களா என்பவற்றையும் அங்கேயே எழுத வேண்டும்.