அழிக்காமல் பார்க்க ஒரு வழி

லினக்ஸ் இன்ஸ்டால் செய்வது கஷ்டம் என்பவர்களிடம் நான் ஒன்று கேட்பதுண்டு: விண்டோஸை நீங்களே எப்போதாவது இன்ஸ்டால் செய்திருக்கிறீர்களா? பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும். கடையில் வாங்கும்போதே அது கணினிக்குள் இருந்தது. லினக்ஸோ, ஏற்கெனவே ஆள் குடியிருக்கும் வீட்டுக்குள் இடம் கேட்டு வர வேண்டியிருந்தது.

1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்டது கெர்னலை மட்டும்தான். அதோடு மற்ற மென்பொருள்களையும் சேர்த்து, பேட்ரிக் வோல்கர்டிங் 1993-இல் ஸ்லாக்வேரைக் கொண்டுவந்தார். இருபதுக்கும் மேற்பட்ட ஃப்ளாப்பிகள்! ஹார்ட் டிஸ்க்கை நாமே எஃப்டிஸ்க் கட்டளையால் பிரிக்க வேண்டும். திரையில் படம் தெரிய மானிட்டரின் அலைவரிசை எண்களைத் தர வேண்டும். தப்பான எண் கொடுத்தால் மானிட்டரே கெட்டுப்போகலாம் என்று ஆவணங்கள் எச்சரித்தன.

1999-இல் கால்டெரா நிறுவனம் வரைகலை இன்ஸ்டாலர் தந்தது. கோப்புகள் ஏறி முடியும்வரை டெட்ரிஸ் மாதிரி ஒரு விளையாட்டு கூட ஆடலாம். திரை அழகாகிவிட்டது, சரி. ஆனால் பயம்? அது அப்படியேதான் இருந்தது. "என் ஃபைலெல்லாம் போயிடாதுல்ல?" என்ற கேள்விக்கு எந்த அழகான திரையும் பதில் சொல்லவில்லை.

பதில் ஜெர்மனியிலிருந்து வந்தது. 2000-இல் க்ளாஸ் நாப்பர் நாப்பிக்ஸை வெளியிட்டார். சிடியைப் போட்டு கணினியை ஆன் செய்தால் லினக்ஸ் ஓடும். சிடியை எடுத்துவிட்டால் பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும். இப்படி சிடியிலிருந்து ஓடுபவை முன்பே இருந்தன. பரவலாக்கியது இவர்தான். 'முதலில் அழி, பிறகு பார்' என்ற வரிசை தலைகீழானது.

2004-இல் பிறந்த உபுண்டு இந்த வழியைப் பிடித்துக்கொண்டது. கேட்டவர்களுக்கெல்லாம் சிடியை இலவசமாகத் தபாலில் அனுப்பினார்கள். நான் பொறியியல் படித்த காலத்தில் அப்படி வந்த ஒரு சிடி விடுதியில் அறை அறையாகச் சுற்றும். 2006-இல் 6.06 பதிப்பில், ஓடிப் பார்க்கும் சிடியிலேயே இன்ஸ்டால் பொத்தானும் வந்தது. 2008-இல் வந்த வூபி இன்னும் ஒருபடி மேலே: விண்டோஸுக்குள்ளேயே ஒரு கோப்பாக உபுண்டு உட்காரும். பிடிக்கலையா, சாதாரண மென்பொருள் மாதிரி நீக்கிவிடலாம்.

லினக்ஸ் எளிதான கதை என்று நான் நினைப்பது இதைத்தான். பொத்தான்கள் அழகானதைவிட, பின்வாங்க ஒரு வழி கிடைத்ததுதான் பெரிது.

2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. நன்றாக ஓடும் எத்தனையோ கணினிகளில் விண்டோஸ் 11 ஏறாது. அவற்றைக் குப்பையில் போடாமல் காப்பாற்ற லினக்ஸ் ஒரு நல்ல வழி. இன்றைய இன்ஸ்டாலர் அரை மணி நேர வேலைதான். ஆனால் அதற்கு முன்னால் பென்டிரைவ் தயார் செய்யணும், பூட் மெனுவுக்கு எந்த விசை என்று தேடணும். சாதாரண ஆள் நின்றுவிடுவது அங்கேதான். அந்த வாசற்படியை இன்னும் யாரும் முழுசாகச் செதுக்கவில்லை.