விடிலிப் புகையும் கருவிலிருந்த பிள்ளையும்

திருவிதாங்கூரின் தென்கிழக்கு விளிம்பில், திருநெல்வேலிச் சீமையை ஒட்டிக் கிடந்த ஊர் அஞ்சுகிராமம். 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தபோது மாநில எல்லை மாவட்ட எல்லையாயிற்றேயன்றி, நாஞ்சில் நாட்டு வயல்கள் முடிந்து பனங்காடு தொடங்கும் நிலத்தின் எல்லை மாறவில்லை. அந்தப் பனைத்தொழிலில் ஆண் மரமேறப் பெண் அடுப்பெரித்தாள். கோடைப் பருவம் முழுவதும், சுண்ணாம்பு தடவிய கலயங்களில் இறங்கும் அக்கானியை, அதாவது புளிக்காத பதநீரை, விடிலி என்னும் ஓலைக்குடிசைக்குள் மணிக்கணக்கில் காய்ச்சி, கூப்பனி என்னும் பாகாக்கி, சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டியாக்குவது அவள் வேலையாக இருந்தது. எரிந்தவை காய்ந்த ஓலையும் மட்டையும் சில்லாட்டையும். பொங்கும் நுரை அடங்க ஆமணக்கு முத்தைத் தட்டிப்போட்டு, பதம் தப்பாமல் துழாவிக்கொண்டே இருக்க வேண்டியிருந்ததால், புகையை விட்டு அவள் விலகி உட்கார வழியில்லை. வயிற்றில் பிள்ளை இருந்தாலும் அன்றைய அக்கானியை அன்றே காய்ச்சியாக வேண்டும்.

மரத்திலிருந்து விழுவது ஊரறிந்த ஆபத்து. புகையோ கண்ணெரிச்சலாகவும் இருமலாகவும் மட்டுமே கருதப்பட்டது. இந்தியக் கிராமத்து அடுப்புப் புகையை முதன்முதலாக அளந்தவர்களுள் ஒருவரான கிர்க் ஸ்மித் குஜராத்தில் அந்த வேலையைத் தொடங்கியது 1981-இல்தான். தமிழ்நாட்டில் சென்னை ஸ்ரீ இராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழு, 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2018-இல் முடிவை வெளியிட்டது. பிஎம் 2.5 என்பது 2.5 மைக்ரோமீட்டருக்கு மிகாத நுண்துகள். அது ஒரு கனமீட்டர் காற்றில் 10 மைக்ரோகிராம் கூடும்போது பிறப்பெடை ஏறத்தாழ 4 கிராம் குறைந்தது. சிறிய எண்ணாகத் தோன்றினாலும், விறகடுப்பருகே துகளளவு பல நூறு மைக்ரோகிராமைத் தொடுவதுண்டு என்பதால் அதை அலட்சியப்படுத்த இயலாது.

ஆயினும் தராசு மூளையை நிறுப்பதில்லை. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு தாயின் குருதியில் உயிர்வளியின் இடத்தைப் பிடித்துக்கொள்ள, நரம்பணுக்கள் பெருகித் தத்தம் இடம் சேரும் காலத்தில் கருவின் மூளைக்கு மூச்சு குறைகிறது. கரித்துகள்கள் நஞ்சுக்கொடியின் கருப்பக்கம் வரை சென்று படிவதை 2019-இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் காட்டினர். விடிலிக்கு மிக நெருங்கிய சான்று குவாத்தமாலாவின் விறகடுப்பு வீடுகளிலிருந்து வந்தது: கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் கார்பன் மோனாக்சைடை மிகுதியாகச் சுவாசித்த தாய்மாரின் பிள்ளைகள், ஆறேழு வயதில் நினைவாற்றல், கைத்திறன் போன்ற சில சோதனைகளில் பின்தங்கியதாக 2012-இல் வெளியான ஆய்வு கண்டது. அதில் பங்கேற்ற பிள்ளைகள் 39 பேரே என்பதால் அதை முடிந்த தீர்ப்பாகக் கொள்ளலாகாது. எச்சரிக்கையாகக் கொள்வதே முறை.

இந்தக் கடைசி மாதங்களைப் பற்றிய செய்தி பழைய வழக்கமொன்றை வேறு கண்ணோடு பார்க்கவைக்கிறது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு சென்ற பெண், அவ்வீட்டில் காய்ச்சும் வேலை இல்லையெனில், உரிய காலத்தில் புகையிலிருந்து தப்பினாள். அடுத்தடுத்த பிள்ளைகளுக்கோ, அவ்வீடும் பனைத்தொழில் வீடாயின் தலைப்பிள்ளைக்கும்கூட, அந்தக் காப்பு கிட்டியிராது.

எரிவாயுவுக்கு மாறினால் தீர்ந்துவிடுமா என்பதும் தெளிவாகவில்லை: விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளையும் உட்படுத்தி நான்கு நாடுகளில் நடந்த ஆய்வொன்றில், கர்ப்பிணிகளுக்கு எரிவாயு அடுப்பு தந்ததால் அவர்கள் சுவாசித்த துகள் வெகுவாகக் குறைந்தும் பிறப்பெடை கூடவில்லை என்று 2022-இல் தெரிந்தது. கரு ஒன்பது வாரத்தைக் கடந்த பிறகே அடுப்பு கைக்கு வந்தது என்பதும் கருதத்தக்கது. அரசுத் திட்டங்களால் எரிவாயு வீட்டுச் சமையலறைக்கு வந்துவிட்டது. ஆனால் வீட்டு உபயோக உருளை தொழிலுக்கானதன்று என்பதாலும், மணிக்கணக்காக எரிக்கும் செலவு கருப்பட்டி விலையில் கட்டாது என்பதாலும், அக்கானி இன்றும் பெரும்பாலும் ஓலையிலும் விறகிலுமே காய்கிறது.